ஏழு தங்கமீனும் ஒரு மூடிய டப்பாவும்

பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நிறுத்துவது அவளுடைய பழக்கம். சொல்ல வந்த வார்த்தை வாயிலேயே நிற்கும். கையிலிருக்கும் டம்ளர் பாதி வழியில் நிற்கும். தலை ஒரு பக்கமாகச் சாயும். இரண்டு மூச்சு நேரம் அப்படியே இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். பார்ப்பவர்களுக்கு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் போலத் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வருடமும் இப்படித்தான்.

"அண்ணிக்கு ரேடியோ வந்துடுச்சு. யாரும் குறுக்க பேசாதீங்க" என்பாள் நாத்தனார்.

அவள் கேட்பது பின்னறையில் ஓடும் ஏர் மோட்டாரின் சத்தத்தை. ஒரு வண்டு ஓயாமல் சுற்றிக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். ஓடிக்கொண்டிருக்கும்வரை வீட்டில் வேறு யாருக்கும் அது கேட்பதில்லை. நின்றுபோனால்கூட மற்றவர்களுக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும் தூக்கத்தில்கூடத் தெரியும்.

தெருவில் அவளுக்குத் தொட்டிக்காரி என்று பேர். மீன் தொட்டிகளைக் கழுவிப் பராமரிப்பதுதான் தொழில். ஒரு வாளி, நீளமான குழாய், பஞ்சு, சின்ன வலை, இவ்வளவுதான் முதலீடு. பல் டாக்டர் வீடு, இரண்டு அலுவலகங்கள், ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறை, ஒரு குழந்தைகள் கிளினிக் என்று வாரத்தில் ஐந்து நாள் போய்வருவாள். போன இடத்தில் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அழுக்குத் தண்ணீரை எடுத்து நல்ல தண்ணீரை விட்டு, கண்ணாடியைத் துடைத்து, தரையில் சிந்தியதையும் துடைத்துவிட்டு வந்துவிடுவாள். விடுதி மேனேஜர் அவள் வந்துபோனதைத் தொட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

வீட்டின் பின்னறையில் அவளுக்குச் சொந்தமாகப் பதினெட்டுத் தொட்டிகள். பின்கட்டில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு சிமெண்ட் குளம். அதில் அவள் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்து, கடைகளுக்குக் கொடுக்கும் மீன்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண்ணுக்கு இது போதும் என்று நினைத்துக்கொள்வாள். போதும் என்று நினைத்தாலும் பயம் விடுவதில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. பதினான்கு வயதில் ஒரு வண்ணமீன் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தாள். தீனி போடுவதும் வலை அலசுவதும்தான் வேலை. பதினாறு வயதிருக்கும், ஒரு தடவை மூன்று நாளாக வெயிலே இல்லை, வானம் மூடிக்கிடந்தது. மூன்றாவது நாள் சாயங்காலம் பெரிய குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியதைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று தோன்றியது. பெரியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் வந்தபோது குளம் முழுக்க வெள்ளை வயிறுகள். இரவில் காற்று மோட்டார் எரிந்துபோயிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. அவள் பார்த்தது யாருக்கும் தெரியாதே. அன்றைக்கு அவள் கூடை கூடையாக அள்ளிக் கொட்டினாள். மீனுக்குக் குரல் இல்லை, அது பாட்டுக்குச் செத்துப்போகும் என்பது அன்றைக்கு அவள் மனதில் ஏறியது. அதற்குப் பிறகுதான் இந்தக் காது கொடுக்கும் பழக்கம்.

இந்த வீட்டுக்கு வந்தபின் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கரண்ட் போனால் பின்னறை சுவிட்சுகளை எல்லாம் அணைக்க வேண்டும். கரண்ட் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து, எல்லாவற்றையும் போட வேண்டும். திரும்பி வரும் கரண்ட் முதலில் தாறுமாறாக வரும், மோட்டார் எரிந்துவிடும், அதனால்தான் ஐந்து நிமிடம். ஏன் என்று அவள் யாருக்கும் விளக்கியதில்லை. வீட்டில் எல்லோரும் பழகிக்கொண்டார்கள். மகள் ஐந்து வயதிலேயே முக்காலி போட்டு ஏறிப் போடுவாள். இப்போது அவள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாத்தனார் முன்னறையில் தையல் மெஷினை விட்டு எழுந்து ஓடுவாள். ஓடாத ஆள் ஒருவர்தான், அவள் கணவர்.

"எங்க அண்ணன் எழுந்து நிக்கறதுக்குள்ள கரண்ட் வந்து, மறுபடி போய், மறுபடியும் வந்துடும்" என்பாள் நாத்தனார்.

அவர் ஓர் அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினில் இருக்கிறார். நாளெல்லாம் நின்றபடி வேலை. வீட்டில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நல்ல மனுஷர். ஆனால் மீன் விஷயம் அவருக்கு எட்டாத தேசம்.

அந்த வருடம் கோடையில் குழந்தைகள் கிளினிக்குக்கு வர்ணம் பூசினார்கள். வர்ண வாசனை ஏர் மோட்டார் வழியாகத் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் கிளினிக் மீன்களைப் பத்து நாள் தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அவளே சொன்னாள். ஏழு தங்கமீன்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கட்டைவிரல் அளவில் அவள் கையால் விட்டவை. இப்போது ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிது. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைகளை அந்தத் தொட்டி முன்னால்தான் நிறுத்துவார்கள். தலையில் சிவப்புத் திட்டு உள்ள மீனுக்குப் பிள்ளைகள் வைத்த பேர் தொப்பிக்காரர். பெரிய வயிறு உள்ளதற்குக் குண்டு மாமா.

"இதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊசி போட எனக்குக் கையே ஓடாதும்மா. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றார் டாக்டரம்மா.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மீன்களோடு அவற்றின் ஃபில்டரும் வந்தது. அவள் வீட்டுத் தொட்டிகளில் எல்லாம் காற்றில் ஓடும் பஞ்சு ஃபில்டர்தான். கிளினிக்குடையது மூடிய டப்பா. ஒரு குழாய் தொட்டித் தண்ணீரை டப்பாவுக்குள் இழுக்கும், உள்ளே இருக்கும் பஞ்சும் கல்லும் அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு குழாய் சுத்தமான தண்ணீரைத் தொட்டிக்குள் விடும். அந்தப் பஞ்சிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன, அவைதான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவற்றுக்கு மூச்சு உண்டு. ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் அவை செத்து, டப்பாவுக்குள்ளேயே அழுகும். அதுவும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறாவது நாள் காலை ஆறரை மணிக்குத் தெரு முனையில் 'டமால்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவள் குளத்தருகே நின்றிருந்தாள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த சத்தத்தை விட, அதற்குப் பிறகு பின்னறையில் வந்த அமைதிதான் அவள் காதில் பெரிதாக விழுந்தது.

உள்ளே போய்ச் சுவிட்சுகளை எல்லாம் அணைத்தாள். அன்றைக்கு இன்னும் தீனி போடவில்லை, அது ஒரு நல்லகாலம். வயிறு காலியாக இருக்கும் மீனுக்குக் காற்றுத் தேவை குறைவு. தொட்டி மூடிகளை எல்லாம் எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். சண்டை மீன்களைப் பற்றிக் கவலை இல்லை. அவை மேலே வந்து நேராகக் காற்றைக் குடித்துக்கொள்ளும். சின்ன மீன்கள் அரை நாள் தாங்கும். தாங்காதவை அந்த ஏழும்தான். உடம்பு பெரியது, தொட்டி அவற்றுக்குச் சிறியது, வெயிலோ ஏறப்போகிறது.

வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் மோட்டார்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் ஏழு மீன் தொட்டியில் மாட்டினாள்.

தெரு முனைக்குப் போய்ப் பார்த்தாள். கம்பத்தின் கீழே இரண்டு லைன்மேன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். கேட்க வாய் வரவில்லை. பின்னாலேயே வந்த நாத்தனார்தான் கேட்டாள்.

"எப்ப சார் வரும்?"

"உள்ள எல்லாம் எரிஞ்சு போச்சும்மா. வேற கொண்டு வரணும். மத்தியானம் ஆயிடும்."

"எந்தக் கிழமை மத்தியானம்னு சொல்லிடுங்க சார், அதுக்கேத்த மாதிரி குளிச்சுட்டு வரோம்."

லைன்மேன் சிரித்துவிட்டார். அவளால் சிரிக்க முடியவில்லை. மத்தியானம் என்றால் ஆறு மணி நேரம்.

ஒன்பது மணிக்குக் கணவர் திரும்பி வந்துவிட்டார். அச்சகத்திலும் கரண்ட் இல்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெறுந்தரையில் படுத்து, ஒரு பழைய நோட்டு அட்டையால் விசிறிக்கொண்டார்.

"அண்ணன் வீட்ல இருக்கறதும் தொட்டில மீன் இருக்கறதும் ஒண்ணுதான். அப்பப்ப வாய் மட்டும் தொறந்து மூடும்" என்றாள் நாத்தனார், மெஷினை மிதித்துக்கொண்டே. அது காலால் மிதிக்கும் மெஷின். அன்றைக்குத் தெருவில் வேலை நடந்த ஒரே இடம் அதுதான்.

"உன் வாய்க்கும் ஒரு சுவிட்ச் வெச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

அவள் பின்கட்டில் இருந்தாள். பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றின் அடியில் ஆணியைக் காய்ச்சித் துளைகள் போட்டாள். குளத்துக்கு மேலே குறுக்குக் கம்பியில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, குளத்துத் தண்ணீரையே மொண்டு அதில் ஊற்றினாள். தண்ணீர் தூறலாக விழுந்தது. விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு விழும். பகல் முழுக்கக் குளத்துப் பச்சைப் பாசி வெயிலில் தானே காற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும், அதனால் குளத்துக்கு ஆபத்து குறைவு. வெயில் நேராக விழும் பக்கம் மட்டும் ஒரு பழைய போர்வையைக் கட்டி நிழல் செய்தாள்.

பிறகு உள்ளே ஓடி, மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு, தலை உயரத்துக்குத் தூக்கி, திரும்ப அதிலேயே ஊற்றினாள். பத்து மக். மறுபடி குளம். மறுபடி தொட்டி. மதியத்துக்குள் தோள்பட்டை கழன்றுவிடும் போல் ஆனது.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் அவள் கண் அந்த மூடிய டப்பாவின் மேல் பலமுறை விழுந்தது. அதைத் திறந்து, பஞ்சையும் கல்லையும் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டுவைத்திருக்க வேண்டும். அதைச் செய்ய அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் தண்ணீரை மொண்டு ஊற்றாமல் விட்டால் ஏழும் திணறும். எப்படியும் சுவிட்ச் அணைந்திருக்கிறது, கரண்ட் வந்தபின் நிதானமாகத் திறந்து கழுவிக்கொள்ளலாம், கழுவாமல் போடக்கூடாது, அவ்வளவுதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனதுக்குள்தான் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் வந்தது, கரண்ட் வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு பேட்டரி மோட்டாரின் சத்தம் தேய்ந்தது. மூன்றரைக்கு இன்னொன்று. தொப்பிக்காரர் மேலே வந்து வாயைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துக்கொண்டார். பின்னாலேயே இன்னும் இரண்டு. பதினாறு வயதில் ஒரு சாயங்காலம் பார்த்த அதே வாய்கள்.

பேட்டரி வாங்கியாக வேண்டும். நாத்தனார் தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று போயிருந்தாள். வீட்டில் இருந்தது அவர் மட்டும்தான்.

"என்னங்க."

"ம்."

"கொஞ்சம் எழுந்து வாங்க."

அவள் குரலில் இருந்தது அவருக்கு எட்டியிருக்க வேண்டும். உடனே எழுந்து வந்தார். மக்கை அவர் கையில் கொடுத்தாள்.

"இப்படி மொண்டு, இவ்வளவு உயரத்துல இருந்து ஊத்தணும். பத்து மக். அப்புறம் அஞ்சு நிமிஷம் விட்டுட்டு மறுபடியும் பத்து. நான் வர்ற வரைக்கும் விடக்கூடாது."

"சரி."

"மீன் மேல ஊத்தாதீங்க. ஓரமா."

"சரி, நீ போ. நான் பாத்துக்கறேன்."

வாசலில் செருப்பு மாட்டும்போது இன்னும் ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. பர்ஸை எடுத்தோமா என்று தொட்டுப் பார்த்தாள். இருந்தது. அதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

முதல் கடையில் பேட்டரி இல்லை. "காலைலயே காலி. எல்லாருக்கும் சின்ன ஃபேனு, டார்ச்சுன்னு ஆளுக்கு நாலா வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றார் கடைக்காரர். இரண்டாவது கடை பூட்டியிருந்தது. மூன்றாவது கடை பெரிய சாலையைத் தாண்டி. வெயில் தார் ரோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் இருந்தது. எட்டு பேட்டரி கேட்டாள். கடைக்காரர் பெட்டியிலிருந்து எண்ணி எடுத்துக்கொண்டிருந்தார்.

தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொன்று. ஃப்ரிட்ஜ் உறுமியது. குழல்விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு எரிந்தது.

"அப்பாடா, வந்துடுச்சு. இனிமே உங்களுக்கு இது எதுக்கு?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அவளுக்கும் ஒரு நொடி உடம்பெல்லாம் லேசானது. அடுத்த நொடி, வாசலில் செருப்பு மாட்டும்போது பிடிபடாதது என்ன என்று பிடிபட்டது.

கரண்ட் வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து, எல்லாவற்றையும் போட வேண்டும். இருபது வருடமாக அவள் சொன்ன ஒரே சட்டம்.

தன் போனை எடுத்துப் பார்த்தாள். காலையிலிருந்தே சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. கடைக்காரரின் போன் கல்லாவின் மேல் இருந்தது. கேட்க வேண்டும். முன்பின் தெரியாத ஆள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கடைக்காரரே நிமிர்ந்து பார்த்தார்.

"என்னம்மா?"

"போன். ஒரு தடவை. வீட்டுக்கு."

அவர் கொடுத்தார். கணவரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் போன் முன்னறையில் ஆணியில் தொங்கும் சட்டைப் பையில் இருக்கும். ஆள் பின்னறையில் இருப்பார். வழக்கமாக நாத்தனார் ஓடுவாள், மகள் ஓடுவாள், அவர் மட்டும் ஓடமாட்டார். கடவுளே, இன்றைக்கும் அவர் ஓடாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பேட்டரியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள்.

நாற்பத்தாறு வயதில் அவள் சாலையில் ஓடி யாரும் பார்த்ததில்லை. நான்கு பேர் திரும்பிப் பார்த்தால் கூசிப்போகிறவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே கணக்குப் போட்டாள். ஐந்து நிமிடம் பொறுப்பார். நடந்தால் பதினைந்து நிமிடம், ஓடினால் எட்டு. ஒன்பதரை மணி நேரம் வெக்கையில் மூடிக்கிடந்த டப்பா. பெரிய சாலையில் வண்டிகள் வழிவிடவில்லை. அங்கே ஒரு நிமிடம் போனது.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையும் பனியனும் நனைந்திருந்தன. முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் பார்த்து வெகுநாளாகிறது.

"வந்துடுச்சு பாத்தியா. கடிகாரத்தைப் பாத்து சரியா அஞ்சு நிமிஷம் விட்டுத்தான் போட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் போட்டுட்டேன்."

அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

வாசனை முதலில் வந்தது. அழுகின முட்டை வாசனை. பெரிய தொட்டியின் தண்ணீர் தூரிகை கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி, குழாய் வாயிலிருந்து இன்னும் கருப்பாக வந்துகொண்டிருந்தது. ஏழும் தாறுமாறாக ஓடிக் கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது அவள் கண்ணெதிரில் நடந்தது.

டப்பாவின் சுவிட்சை அணைத்தாள்.

"டப். பெரிய டப். ரெண்டும் கொண்டாங்க" என்றாள். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. என்ன ஏது என்று கேட்காமல் ஓடினார். குளியலறையில் இருந்த டப்புகளைக் கொண்டுவந்தார். மூலையில் இருந்த டிரம்மில் குளோரின் போவதற்காக அவள் எப்போதும் பிடித்து ஆறவைக்கும் தண்ணீர் இருந்தது. இருவருமாக அதைச் சாய்த்து டப்புகளை நிரப்பினார்கள். மற்றத் தொட்டிகளின் காற்றுக் குழாய்களைப் பிடுங்கி டப்புக்குள் போட்டாள். கரண்ட் இருந்ததால் குமிழிகள் பொங்கி வந்தன. வலையை எடுக்கவில்லை. இரண்டு கைகளையும் விட்டு ஒவ்வொன்றாக அள்ளி மாற்றினாள்.

ஆறு மீன்கள் கைக்கு வந்தன. ஏழாவது, தண்ணீர் வரும் குழாயின் வாய்க்கு நேரே நின்று பழகிய வெள்ளை மீன். அதற்குப் பிள்ளைகள் பேர் வைத்ததில்லை. முதலில் வந்த கருப்புத் தண்ணீர் முழுக்க அதன் முகத்தில்தான் பட்டிருக்கும். அது அடியில் சாய்ந்து கிடந்தது. அதையும் எடுத்து டப்பில் விட்டு, வயிற்றின் கீழே கையைக் கொடுத்து, குமிழிக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நகர்த்தினாள். செவுள் ஒருமுறை திறந்தது. வெகுநேரம் கழித்து இன்னொரு முறை. பிறகு திறக்கவில்லை. அவள் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

நாத்தனார் திரும்பிவந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அவர் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நான் போட்டதாலயா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிடலாம். வெயில் என்று சொல்லிவிடலாம். வெயிலைக் கேட்க யார் வரப்போகிறார்கள். அவள் மீனை டப்பிலிருந்து எடுத்து ஒரு துணியில் வைத்தாள்.

"ஆமாங்க. அதனாலதான். அந்த டப்பாவைத் தொறந்து கழுவாம போடக்கூடாது. நான் அதை உங்ககிட்ட சொல்லல. காலைல இருந்து மனசுலயே வெச்சிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

அவர் எழுந்துபோய், கலங்கிய தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வெளியே கொட்டினார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவள் டப்பாவைப் பின்கட்டுக்கு எடுத்துப்போய்த் திறந்தாள். பஞ்சு கருத்துக் குழைந்திருந்தது. நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, வெள்ளை மீன்தானே. கடைல பெருசா ஒண்ணு கிடைக்காதா? ஏழுன்னு எண்ணிக் குடுத்துடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவ்வளவு பெருசு கிடைக்காது."

"கிடைச்சா?"

அவள் பஞ்சைப் பிழிந்தாள். கருப்புத் தண்ணீர் ஓடியது.

"கிடைச்சாலும் வேணாம். நான் போய்ச் சொல்லணும்."

"நீங்களா? போய் என்ன சொல்லுவீங்க? தலையை ஆட்டிட்டு வந்துடுவீங்க. ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள் நாத்தனார். சொல்லிவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு, "நானும் கூட வரேன்" என்றாள்.

"வேணாம்மா. நானே போறேன்."

மறுநாள் காலை கிளினிக்குக்குப் போனாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதில் அடுக்கிக்கொண்டே போனாள். இப்படி ஆரம்பிக்கலாம், அப்படி ஆரம்பிக்கலாம். வாசலில் வர்ண டப்பாக்கள் அடுக்கியிருந்தன. டாக்டரம்மா முன்கூடத்தில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மாறியது. சொல்லாமலேயே பாதி தெரிந்துபோயிற்று. இருந்தாலும் அவள் நின்று முழுவதையும் சொன்னாள். கரண்ட் போனது, பேட்டரி வாங்கப் போனது, டப்பா, சுவிட்ச், வெள்ளை மீன். அடுக்கிவைத்தது ஒன்றும் உதவவில்லை. முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. என்றாலும் எதையும் விடவில்லை.

"மத்த ஆறும்?" என்றார் டாக்டரம்மா.

"இருக்குங்க. இன்னும் நாலு நாள் பாக்கணும். ரெண்டுக்குச் செதில் ஓரம் சிவந்திருக்கு. மருந்து போட்டிருக்கேன்."

டாக்டரம்மா காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏம்மா அப்பவே ஒரு போன் பண்ணல? இங்க ஜெனரேட்டர் சும்மாதானே நின்னுட்டு இருந்துது. வண்டில ஏத்தி அனுப்பியிருப்பேனே. காலைல ஏழு மணிக்குச் சொல்லியிருந்தா எட்டுக்கு உங்க வீட்ல இருந்திருக்கும்."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. ஒன்பதரை மணி நேரம் தோள் கழன்றுபோக மொண்டு ஊற்றியவளுக்கு, ஒருத்தரிடம் கேட்கலாம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. மீன் செத்ததற்கு வராத அழுகை அப்போது வந்தது. டாக்டரம்மா ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தத் தேதிக்குத் தொட்டி தயாராக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாலு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. அவள் மணிக்கு ஒருமுறை டப்பைப் பார்த்தாள். அவள் பார்க்காத நேரத்தில் அவர் பார்த்தார். குண்டு மாமா இரண்டு நாள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நீந்தியது. மூன்றாவது நாள் நிமிர்ந்தது. ஐந்தாவது நாள் காலையில் ஒரு துளித் தீனி போட்டாள். ஆறும் வந்து தின்றன.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் கிளினிக் தொட்டியை அவள்தான் கழுவுகிறாள். வீட்டில் கரண்ட் வந்தால் கணவர்தான் இப்போது முதலில் எழுந்திருக்கிறார். ஆனால் சுவிட்சைத் தொடுவதில்லை. "எதைப் போடணும், எதைப் போடக்கூடாது?" என்று கேட்கிறார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள், ஏன் என்றும் சொல்கிறாள். சில நாள் அந்த விளக்கம் நீண்டுபோய், "போதும் அண்ணி, மீனுக்கே தெரிஞ்சுபோச்சு" என்கிறாள் நாத்தனார். போன மாதம் விடுதியில் கரண்ட் போனபோது அவளே மேனேஜரைக் கூப்பிட்டு ஜெனரேட்டரைப் போடச் சொன்னாள். அந்த இடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள், மேனேஜருக்கு அவள் போன் செய்தது அதுதான் முதல் தடவை. கிளினிக் தொட்டியில் ஆறு தங்கமீன்கள் இருக்கின்றன. ஏழாவது வாங்கலாமா என்று ஒருமுறை அவள் கேட்டாள். வேண்டாம் என்றார் டாக்டரம்மா. அந்தத் தொட்டிக்கு ஆறு சரியாக இருக்கிறது.